போர்வையின் பின்பக்கத்தில் ஒரு பெயர்

இந்த ஊரில் ஒரு தேவாலயத்தின் பழைய பொருட் கடை இருக்கிறது. அங்கே நூல் பைகள் குவிந்து கிடக்கும் மூலையில், பாதியில் நின்றுபோன பின்னல் வேலைகளையும் விற்கிறார்கள். ஒரு பொலித்தீன் பைக்குள் கம்பளி நூல் உருண்டை ஒன்று, அதிலிருந்து புறப்பட்டு ஒரு சாண் வளர்ந்த குழந்தைச் சட்டை, சட்டையின் கடைசிக் கண்ணிக்குள் கழற்றாமல் விட்ட குரோசே கொக்கி ஊசி. முதல்முறை அதைக் கையில் எடுத்தபோது என்னை அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வேலை இப்படி ஊசியோடு பாதியில் கிடந்தால், வீட்டுக்காரர் ஓடிப்போய்விட்டார் என்று அர்த்தம். அடுப்பில் அவியாத அரிசி, கொடியில் ஈரத்துணி, தையல் மெசினில் மாட்டியபடி ஒரு கை மட்டும் வைத்த சட்டை. காசு வாங்கும் பெண்ணிடம் இது யாருடையது என்று கேட்டேன். "யாரோ ஒருவருடைய அம்மாவுடையதாக இருக்கும். இறந்த பிறகு பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து தருவார்கள்" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். பிறகு, "உங்கள் மனைவிக்கா?" என்றாள். ஓம் என்றேன். எனக்குத்தான் வாங்கினேன். என் மனைவி கண்டால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

ஊரில் நான் கணிதம் படிப்பித்தவன். மேற்குக் கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறு நகரத்துக்கு எங்களைக் கொண்டுவந்தது இங்குள்ள இறைச்சித் தொழிற்சாலை. அதன் குளிரறையில் பெட்டி அடுக்குவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு என் பட்டம் இடைஞ்சலாக இருக்கவில்லை. என் கைகள் நடுங்கும். குளிரால் என்று மேற்பார்வையாளர் நினைக்கிறார். வன்னியில் இருந்து நான் கொண்டுவந்த பொருட்களில் இன்னும் பழுதாகாமல் இருப்பது இந்த நடுக்கம் ஒன்றுதான். சாப்பாட்டறையில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் இடைவேளையில் குரோசே பின்னுவார். ஒருநாள் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நூலை வளைத்து, கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்து, அடுத்த கண்ணி. என் தகப்பனார் மன்னாரில், எங்கள் ஊரான விடத்தல்தீவின் கரையில் இருந்து வலை முடிகிற அதே கைவாகு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து நானும் கிழிந்த வலை பொத்தியிருக்கிறேன். அந்தப் பெண் ஊசியை என்னிடம் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் என் விரல்கள் பின்னத் தொடங்கின. நடுக்கம் நின்றுவிட்டது. வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளால் நிற்காத நடுக்கம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கினேன். இதை வாசிக்கிற ஊரவர்கள் சிரிக்கக்கூடும். மாஸ்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போங்கள். பிஸ்கற் தகரத்தைத் திறந்தால் அதற்குள் நூற்றுக்கணக்கான சட்டைத் தெறிகள், சிப்பியில் செய்தவை, மரத்தில் செய்தவை, எவனோ ஒரு படைவீரனின் கோட்டில் இருந்து வெட்டியெடுத்த பித்தளைத் தெறிகள். கண்ணாடிச் சாடிக்குள் பெயர் ஒட்டாத நூல் சுற்றுகள். யன்னல் சீலை, மேசை விரிப்பு, செத்துப்போன கிழவர்களின் கோடுபோட்ட சேட்டுகள். எல்லாவற்றையும் விரல்களால் தொட்டுப் பார்ப்பேன். யாரும் துரத்தவில்லை, இரு, ஆறுதலாகப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சந்தோசம் அது. ஒளித்து அனுபவிக்க வேண்டியிருந்தது. வாங்கியவற்றைக் காரின் பின்பெட்டியில், உதிரிச் சில்லுக்கு அடியில் வைத்திருந்தேன்.

கடையை நடத்தும் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடிக் குயில்ட் தைப்பார்கள். முழுத்துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டியதை மறுபடி ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துச் செய்கிற ஒட்டுப்போர்வை அது. நல்ல துணியை ஏன் வெட்டுகிறீர்கள் என்று முதல்நாள் கேட்டேன். தலைவியான டோரத்தி, எண்பது வயதிலும் நிமிர்ந்து நடக்கிறவர், என் ஆங்கிலத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு, எப்படி வெட்டுவது என்று எனக்கு அரை மணிநேரம் காட்டித் தந்தார். இப்படித்தான் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். நான் ஒருவனே ஆண். அங்கே தைக்கிற போர்வைகளில் பெரும்பகுதி வெளிநாடுகளில் இருக்கும் அகதி முகாம்களுக்குப் போகிறது. நானும் முகாமில் இருந்தவன் என்று அறிந்த அன்று டோரத்தி கேட்டார்: "உங்கள் முகாமுக்கும் இந்த மாதிரிப் போர்வைகள் வந்தனவா?"

வந்தது. செட்டிகுளத்து வெயிலில், தறப்பாள் கூடாரத்துக்குள் மனிதர் அவிந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் வரிசைக்கு ஒரு போர்வை வந்தது. ஒட்டுப்போட்ட கம்பளித் துண்டுகள். யாரோ தங்கள் கந்தலைத் தைத்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று பெண்கள் சினந்தார்கள். குளிக்கிற இடத்துக்கு மறைப்பு இருக்கவில்லை. இரண்டு தடியை நட்டு அதைக் கட்டினோம். முகாமை விட்டு வெளியேறும் வரை அது கதவாகத்தான் நின்றது.

"வந்தது" என்றேன்.

"உதவியாக இருந்ததா?"

"மிகவும் உதவியாக இருந்தது."

டோரத்தியின் கண்கள் கலங்கின. மற்றப் பெண்களை அழைத்து நான் சொன்னதைச் சொன்னார். எல்லோரும் எனக்குக் கேக் தந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

வீட்டில் இதெல்லாம் கனநாள் மறைந்திருக்கவில்லை. உதிரிச் சில்லுக்கு அடியில் இருந்த பையை என் மனைவி றெஜினா ஒருநாள் கண்டுவிட்டாள். கத்தவில்லை. பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு இது சுகமெண்டா செய்யுங்கோ. ஆனா ஊசியும் நூலும் என்ர கண்ணில படக்கூடாது" என்றாள். அதன்பிறகு நான் கராஜுக்குள் இருந்து தைத்தேன். அவள் அந்தப் பக்கம் வருவதில்லை. சாப்பாடு ஆறினால் கதவில் தட்டுவாள், திறக்கமாட்டாள்.

என் மனைவியை அறியாதவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். எங்கள் மாதா கோயில் பங்கில் முதல் நற்கருணையான முதல் நன்மை எடுக்கும் பெண்பிள்ளைகள் அனேகமாக எல்லாரும் றெஜினா தைத்த வெள்ளைச் சட்டையில்தான் கோயிலுக்குள் நடந்தார்கள். கழுத்துக்கும் கைக்கும் ஓரமாக வைக்கிற ரேந்தைப் பூப்பின்னலை அவளே பின்னுவாள். சண்டை எங்கள் கரைக்கு வந்தபோது பிள்ளையையும் தையல் மெசினையும் ஏற்றிய பிறகுதான் உழவு இயந்திரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சாமான்கள் விழாமல் இருக்க என் தகப்பனாரின் நைலோன் வலையால் இழுத்துக் கட்டினோம். மெசினை அடுத்த இடப்பெயர்விலேயே விட்டுவிட்டோம். ஆனால் ஓடர் கொடுத்தவர்கள் எடுக்க வராத முதல் நன்மைத் துணி ஒரு கட்டும், பூவேலை நூல் பெட்டியும் கடைசிவரை எங்களோடு வந்தன.

பங்கர் என்ற பதுங்குகுழி வாழ்க்கை தொடங்கிய பிறகு அந்த வெள்ளைத் துணியை றெஜினா கீலம் கீலமாகக் கிழித்தாள். எங்கள் மகள் டிலானிக்கு அப்போது நாலரை வயது. அவளுடைய ஒவ்வொரு சட்டையிலும், கழுத்துக்குப் பின்னால், உட்பக்கமாக ஒரு துண்டு தைத்தாள். பேனையால் எழுதினால் தோய்க்க அழிந்துவிடும் என்று எழுத்துகளை நூலாலேயே இட்டாள். பிள்ளையின் பெயர், என் பெயர், விடத்தல்தீவு, மன்னார், குருதி வகை. பிள்ளை தவறிப்போனால் கண்டெடுப்பவர் கொண்டுவந்து சேர்ப்பதற்கு என்று என்னிடம் சொன்னாள். அது முழுவதும் உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். நாலரை வயதுப் பிள்ளை தன் பெயரைத் தானே சொல்லும். சொல்ல முடியாத நிலைமைக்குத்தான் துண்டு. அடுத்த பங்கர்க்காரர் கண்டுவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் சட்டைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த ஒழுங்கையே, சந்து முழுவதும், வந்தது. எழுத்து சிதைந்தாலும் தூரத்தில் வைத்தே குடும்பத்தை அறியட்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு நிற நூல். பூவேலை நூல் முடிந்தபோது வலையில் ஒரு மூலையை நான் பிரித்துக் கொடுத்தேன். நைலோன் இழையால் தைத்தாள். விரலில் இரத்தம் வரும்.

எங்கள் பிள்ளையின் துண்டு தேவைப்படவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்லலாம். தேவைப்பட்ட பிள்ளைகளும் அந்த ஒழுங்கையில் இருந்தார்கள்.

முகாமில் இருந்து எங்களை விட்ட பிறகு, எங்கள் கிராமத்தில் மிதிவெடி எடுத்து முடியும்வரை தோட்டவெளி என்ற ஊரில் என் தமக்கை வீட்டில் இருந்தோம். பிறகு ஊருக்குப் போய், வீடு நின்ற இடத்தில் தகரக் கொட்டில் போட்டோம். றெஜினா பழையபடி தைக்கப்போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுச் சிலாவத்துறைக்குத் திரும்பிவந்த முஸ்லிம் நானா ஒருவர் சைக்கிளில் வெட்டுத்துணி கட்டிக்கொண்டு வருவார். "தங்கச்சி, நல்ல கொட்டன் துணி. திரும்பிவந்த சனம் எல்லாரும் கிழிஞ்சதைத்தான் உடுக்குது. நீங்க தைச்சா நான் விப்பன், நமக்கு ரெண்டு பேருக்கும் பிழைப்பு" என்பார். அவரிடம் ரோசா நிறத்தில் ஒரு வெட்டுத்துணி வாங்கி வைத்தாள். வாழ்வாதார உதவி என்று ஒரு தையல் மெசினும் கிடைத்தது. அதற்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக வைத்தாள். அந்தக் கிழமைதான் பிலோமினா வந்தாள்.

பிலோமினா எங்கள் ஒழுங்கையின் கடைசிப் பங்கரில் இருந்தவள். சண்டைக்குள் இருந்து தப்பிக் கடல்நீரேரியைக் கடந்த அன்று, கழுத்தளவு தண்ணீரில், கூட்டம் நெருக்கியபோது அவளுடைய மகன் அன்ரனின் கை அவள் கையில் இருந்து கழன்றது. அதன்பிறகு அவனைக் கண்டவர் இல்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தவள் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்:

"றெஜினாக்கா, காணாமல்போனவையைப் பதியிற கந்தோரில கேக்கினம், கடைசியாப் போட்டிருந்த உடுப்பில என்ன அடையாளம் எண்டு. சட்டைக்குள்ள பேர் தைச்சிருந்தது எண்டனான். என்ன நிற நூல் எண்டு கேட்டினம். வாய் வரேல்ல அக்கா. பெத்தவள் நான், எனக்குத் தெரியேல்ல. தைச்சது நீங்கள்தானே?"

"இரும் பிலோமினா. முதல்ல தேத்தண்ணியைக் குடியும்."

"தேத்தண்ணி கிடக்கட்டும். நிறத்தைச் சொல்லுங்கோ."

றெஜினா மெசினைப் பார்த்தாள். வெளியே வேலியைப் பார்த்தாள். "பச்சை" என்றாள்.

"வடிவாத் தெரியுமோ?"

"பச்சைதான். இலைப்பச்சை."

பிலோமினா அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு றெஜினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கொஞ்சினாள். "மாதா உங்கட கையைக் காப்பாத்துவா அக்கா" என்றாள். என் பக்கம் திரும்பி, "சேர், இனி நான் மறக்கமாட்டன்" என்று பாடம் ஒப்புவித்த பிள்ளைபோலச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

குடிக்காத தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றபோது றெஜினா சொன்னாள்: "ஒரு ஒழுங்கைப் பிள்ளையளுக்குத் தைச்சனான். எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பிறகேன் பச்சை எண்டனீர்?"

"தெரியாது எண்டா அவ இனி எங்க போய்க் கேப்பா?"

ரோசாத் துணியை நானாவிடமே திருப்பிக் கொடுத்தாள். மெசினில் தண்ணீர்ப் பானை ஏறியது. நாங்கள் நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலும் அது அப்படியே இருந்தது. பிலோமினா மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தமக்கை தொலைபேசியில் சொல்லுவாள். எந்தக் கந்தோருக்குப் போனாலும், எந்த வெளிநாட்டுக்காரர் வந்தாலும், மகனின் படத்தை நீட்டிச் "சட்டைக்குள்ள இலைப்பச்சை நூலால பேர் இருக்கும் ஐயா" என்கிறாளாம். எங்காவது மண் கிண்டியபோது ஏதோ தெரிந்தது என்று கேள்விப்பட்டால் அங்கேயும் போய் நிற்கிறாளாம். அங்கே இருப்பவர்கள் பச்சை நூலைத் தேடுவார்கள். வேறு நிறம் கண்ணில் பட்டால் அன்ரனுடையது இல்லை என்று ஒதுக்கிவைப்பார்கள். இதை நினைக்கும்போது நான் கராஜுக்குள் போய் ஊசியை எடுத்துக்கொள்வேன். றெஜினாவுக்கு எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சென்ற வசந்தத்தில், சாடிக்குள் இருந்த பெயரில்லாத நூல்களை எப்படிப் பிரித்தறிவது என்று டோரத்தி எனக்குக் காட்டினார். ஒரு இழையை எடுத்து நெருப்பில் பிடிக்கவேண்டும். பருத்தி என்றால் கடதாசிபோல மணந்து சாம்பலாகும். நைலோன் என்றால் சுருண்டு கருமணியாக உருகும். "பருத்தித் துணிக்கு நைலோன் நூல் போடாதீர்கள். துணி உக்கிவிடும், நூல் உக்காது. நம்மையெல்லாம் புதைத்த பிறகும் அது அப்படியே கிடக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். நான் அன்ரனை நினைத்தேன். அன்ரனின் சட்டைகள் கடைசி நாட்களில்தான் எங்களிடம் வந்தன. அப்போது பூவேலை நூல் முடிந்திருந்தது. வலையைப் பிரித்துத்தான் தைத்திருக்கவேண்டும். என் தகப்பனாரின் வலை பச்சை. அப்படியானால் றெஜினா தெரியாமல் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பத்து வருடத்துக்கு மேலாக அவளை அரித்துக்கொண்டிருப்பதை ஒரு சொல்லால் இறக்கிவைக்கலாம் என்று சந்தோசமாக வீட்டுக்குக் காரை ஓட்டினேன்.

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"றெஜினா, பிலோமினாவின்ர பெடியனுக்கு ஐயாவின்ர வலை நூலாலதானே தைச்சனீர்? அந்த வலை பச்சை. நீர் சொன்னது சரி!"

அவள் நிமிரவில்லை. "அந்த வலை நீலம்" என்றாள்.

"இல்லை, பச்சை. நான் பொத்தின வலை."

"பொத்தினது நீங்கள். இரத்தம் வரத் தைச்சது நான்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். படிப்பித்தவனின் வாய் நிற்காது. "எந்த நிறமெண்டாலும் நைலோன் உக்காது. அது அப்பிடியே இருக்கும்" என்றேன்.

கத்தியை வைத்தாள். "அப்ப போனை எடுத்து அவவிட்டச் சொல்லுங்கோவன். சட்டை உக்கியிருக்கும், பிள்ளை உக்கியிருக்கும், நூல் மட்டும் உக்காமல் கிடக்கும் எண்டு. நிறத்தை நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ, சேர்." கல்யாணம் செய்து இத்தனை வருடத்தில் அவள் என்னைச் சேர் என்று கூப்பிட்டது அன்றுதான்.

இதற்கிடையில் டிலானிக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இரண்டு விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில், அத்திலாந்திக் கடலோரத்தில் ஒரு நகரம். கடல் இருக்கிற இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறாள். நாங்கள் இருவரும் வெளியே சந்தோசப்பட்டோம். உள்ளே எனக்குப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. பிள்ளை வீதியைக் கடக்கிற நேரத்தில் தொலைபேசி எடுக்காவிட்டாலே விடாமல் அழைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்காக ஒரு குயில்ட் தைக்கத் தொடங்கினேன். கோடுபோட்ட சேட்டுகள், மஞ்சள் யன்னல் சீலை, அவளுடைய சின்னக் காலத்துப் பள்ளிக்கூடப் பாவாடை ஒன்று. ஓரத்துக்கு வெள்ளை நூலில் ரேந்தை பின்னினேன். றெஜினா பின்னுகிற மாதிரிக் கிட்டவும் வரவில்லை. டிலானி கராஜுக்குள் வந்து பார்ப்பாள். "அப்பா, எங்கட கிளாஸில ஒருத்தற்ற அப்பாவும் குரோசே பின்னுறேல்ல. நீங்கள் வேற லெவல்" என்று கிண்டல் செய்வாள். ஒருநாள் சதுரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "சின்னனில எனக்குக் கழுத்துக்குப் பின்னால ஏதோ குத்திக்கொண்டே இருக்கும் அப்பா. அது என்ன, கடைச் சட்டையில இருக்கிற டாக்கோ?" என்று கேட்டாள். "ஓம், டாக்தான்" என்றேன்.

போர்வை முடிகிற கட்டத்தில் டோரத்தி அதை மேசையில் விரித்து, தடவி, மெச்சினார். பிறகு சொன்னார்: "லேபல் தைக்க மறக்கவேண்டாம். பின்பக்க மூலையில் ஒரு துணித்துண்டு. பெயர், ஊர். நாங்கள் எல்லோரும் போடுவோம். ஒரு காலத்தில் யாரோ இதைக் கண்டெடுத்தால் யாருடையது என்று தெரியவேண்டாமா?"

நான் எழுந்து வெளியே போனேன். படியில் நின்று வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, கோப்பி அதிகம் கடுப்பாகப் போட்டுவிட்டார்கள் போல என்று டோரத்தி என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் வெள்ளைத் துணியில் எழுத்துகளை இட்டுக்கொண்டு போனேன். கை தன்பாட்டில் செய்தது. டோரத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ் எழுத்துகளைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மகளின் பெயர், என் பெயர், எங்கள் ஊர் என்றேன்.

"கடைசியில் இந்த ஓ எழுத்தும் கூட்டல் குறியும்?"

"குருதி வகை."

கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்கள் நாட்டு வழக்கமா?"

"ஓம். எங்கள் ஊர் வழக்கம்."

"எவ்வளவு அழகான வழக்கம்" என்றார். இரத்த உறவைக் குறிப்பதாக விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. சாடிக்குள் கைக்கு அகப்பட்ட ஒரு நூலால் லேபலைத் தைத்து முடித்தேன்.

டிலானி புறப்படுகிற அன்று காலை, பெட்டிகளை இறக்குவதற்காக அவளுடைய அறைக்குப் போனேன். றெஜினா கட்டிலில் இருந்தாள். மடியில் போர்வை குப்புறக் கிடந்தது. கையில் சவர அலகு. லேபலைச் சுற்றியிருந்த தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒரு கீறல் விழாமல், அந்தக் கை பழையபடி ஓடியது. தகரக் கொட்டிலுக்குப் பிறகு அவள் ஒரு தையலைத் தொட்டதை அன்றுதான் கண்டேன்.

"என்ன செய்யிறீர்?"

"பாக்கத் தெரியேல்லையோ? பிள்ளை படிக்கப் போறாள். அவளை ஒருத்தரும் அடையாளம் காட்டத் தேவையில்லை."

"அது அதுக்கில்லை. இஞ்ச எல்லாரும் போடுறவை."

அலகு நின்றது. "இஞ்ச போடுறவை தைச்சது ஆர் எண்டு போடுறவை. நீங்கள் கிடக்கிறது ஆர் எண்டு போட்டிருக்கிறீங்கள்."

டிலானி சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தாள். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இண்டைக்குமோ? என்ன சண்டை?"

"சண்டையில்லை மோனை. நூல் ஒண்டு தொங்கினது, வெட்டினனான்" என்றாள் றெஜினா. போர்வையை மடித்துப் பெட்டிக்குள் அவளே வைத்தாள். மூடுவதற்கு முதல் ரேந்தையை விரலால் ஒருமுறை நீவினாள். "இது எங்க பழகினனீங்கள்?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

டிலானி போய்ச்சேர்ந்து, கட்டிலில் போர்வையை விரித்துப் படம் அனுப்பினாள். யன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கடல். என் கண் போர்வையின் ஒரு மூலைக்கே போனது. பின்பக்கம் படத்தில் தெரியாது. ஆனால் அந்த மூலையில் நீள்சதுரமாக ஊசித்துளைகள் இருக்கின்றன. தோய்த்தால் பருத்தித் துணியில் துளைகள் மூடிக்கொள்ளும் என்று டோரத்தி சொல்லியிருக்கிறார். தோய்த்துவிட்டாயா என்று மகளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

லேபலை றெஜினா எறிந்திருப்பாள் என்றே நினைத்தேன். மழைக்கு இருண்டிருந்த ஒரு ஞாயிறு, பூசைக்குப் போக வெளிக்கிட்டபோது அவளுடைய செபப் புத்தகத்துக்குள் இருந்து அது விழுந்தது. குனிந்து எடுத்தேன். மகள் கடலோரத்தில் இருக்கிறாள். அவளுடைய ஊர் என்று நான் எழுதிய ஊரில் எங்கள் கொட்டிலின் தகரத்தைக் காற்று எப்போதோ கொண்டுபோய்விட்டது. பெயர் இங்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில், என் கையில் இருக்கிறது. துண்டின் ஓரத்தில் அறுத்த நூலின் நுனிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் தைத்தபோது நிறத்தைக் கவனிக்கவில்லை. இப்போது யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"பச்சை" என்றேன்.

றெஜினா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏற்றிவிட்டு, கனநேரம் பார்த்தாள்.

"நீலம்" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒரே யன்னலில், ஒரே நூலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மன்னாரில் அது இரவு. விடிந்ததும் பிலோமினா படத்தை எடுத்துக்கொண்டு மாவட்டக் கந்தோரான கச்சேரி வாசலுக்குப் போவாள். என்ன நிறம் என்று யாராவது கேட்டால், ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லுவாள்.